இறந்தவர் பெயரில் பட்டா: உத்திரமேரூர் வட்டாரத்தில் தலித் நிலம் கரையும் விதம்

பஞ்சமி நிலம் பறிபோனது குறித்து நாம் கடந்த முப்பது ஆண்டுகளாக நிறையவே பேசியிருக்கிறோம். யார் வாங்கினார், எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவானது, எந்த அதிகாரி கண்டும் காணாமல் இருந்தார் என்பவையே நமது வழக்கமான கேள்விகள். அவை நியாயமான கேள்விகள். ஆயினும் பத்திரம் பதிவாவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அந்த நிலத்தின் பிடி தளர்ந்துவிட்டிருக்கும். ஒரு சாவு வீட்டில் காரியம் முடிந்து உறவினர் கலைந்த பிறகு, “பட்டா அப்பா பெயரிலேயே இருக்கட்டும், இப்போது என்ன அவசரம்” என்று ஒருவர் சொல்லியிருப்பார். மற்றவர்கள் தலையசைத்திருப்பார்கள். நில மீட்பைப் பேசும் நமது இயக்கங்கள் அந்தத் தலையசைப்பைப் பற்றி அநேகமாகப் பேசியதே இல்லை.

உத்திரமேரூரிலிருந்து இதைத் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. இந்த ஊரின் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12, 14 ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த அவை குடவோலைத் தேர்தலை விவரிப்பவை. பள்ளிப் பாடநூல்கள் முதல் மேடைப் பேச்சு வரை இவை இந்திய மக்களாட்சியின் சான்றாகக் காட்டப்படுகின்றன. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் இவ்வூரைக் குறிப்பிட்டார். குடத்தில் ஓலை இடப்படத் தகுதியுடையவர் யார் என்பதையும் அதே கல்வெட்டு கூறுகிறது. அவருக்குக் கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் சொந்த நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். வேதத்தில் கூடுதல் புலமை இருந்தால் அரைக்கால் வேலி போதும். ஊரோ பிரம்மதேயச் சதுர்வேதி மங்கலம். நிலமும் மனையும் இல்லாதவர் பெயர் குடத்திற்குள் போகாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நிலம்தான் பொதுவாழ்வின் நுழைவுச்சீட்டு என்பதை இவ்வளவு தெளிவாக எழுதிவைத்த ஊர் வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. இந்தக் கல்வெட்டைப் பெருமையோடு படிக்கும் மாணவர்கள் அந்தத் தகுதிப் பட்டியலையும் சேர்த்துப் படிப்பது நல்லது.

அந்த இரண்டு தகுதிகளும், அதாவது நிலமும் மனையும், பறையர் மக்களுக்கு எவ்வாறு மறுக்கப்பட்டன என்பதை 1891 இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் பொறுப்பு ஆட்சியர் ஜே.எச்.ஏ. திரமென்ஹீர் தமது அறிக்கையில் எழுதினார். மிராசுதார்கள் தரிசு நிலத்தின் மீதும் முன்னுரிமை கொண்டாடினர். தர்க்காஸ்து மூலம் ஒரு தலித் நிலம் கேட்டால் அந்த முன்னுரிமையைக் காட்டித் தடுத்தனர். குடியிருக்கும் மனையும் மிராசுதாருடையது என்பதால், வாய் திறந்தவர் வீடிழக்க நேர்ந்தது. கிறித்தவ மிஷனரிகளும் அக்காலத்தில் இதே செய்தியை அரசிடம் சொல்லிக்கொண்டிருந்தனர். ஸ்காட்லாந்து சுயாதீனத் திருச்சபையைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரு செங்கல்பட்டு அருகே மெல்ரோசாபுரம் என்ற உழவர் குடியிருப்பையே உருவாக்கினார். 1892 செப்டம்பர் 30 ஆம் நாளிட்ட அரசாணையின் வழியே ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கென நிலம் ஒதுக்கும் வழி பிறந்தது. மாகாணம் முழுவதும் அவ்வாறு ஒதுக்கப்பட்டது ஏறத்தாழ 12 இலட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் முன்வைக்கும் கணக்கு. வருவாய்த் துறை ஏட்டில் அது டி.சி. நிலம், மக்கள் வாயில் பஞ்சமி நிலம்.

அந்த ஒப்படையின் நிபந்தனைகளை நம் வாசகர்கள் அறிவர். முதல் பத்தாண்டுகளுக்கு விற்கவோ, அடமானம் வைக்கவோ, தானமாகக் கொடுக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே மாற்றலாம். மீறினால் அந்த மாற்றம் செல்லாது. அரசு நிலத்தை மீள எடுத்துக்கொள்ளலாம். காரணை பஞ்சமி நிலப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரிழந்தது இந்த நிபந்தனையை நிறைவேற்றக் கோரியதற்காகத்தான். அந்த இரு பெயர்களையும் ஒருமுறை அடுத்தடுத்துச் சொல்லிப் பார்க்க வேண்டுகிறோம். ஒன்று கிறித்தவப் பெயர், மற்றொன்று பெருமாளின் பெயர். நிலத்திற்காக நின்றபோது அந்த வேறுபாடு எவருக்கும் பொருட்டாக இல்லை. வாரிசுரிமை என்று வரும்போது சட்டம் அதைப் பொருட்டாக்குகிறது. கீழே நாம் சொல்ல வருவது பெரும்பாலும் அதைப் பற்றியது.

ஒரு குடும்பத்தைக் கற்பித்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், உத்திரமேரூர் வட்டத்தின் எந்தச் சேரியிலும் இருக்கக்கூடிய குடும்பம். கொள்ளுத் தாத்தாவுக்கு 1930களில் இரண்டு ஏக்கர் டி.சி. நிலம் ஒப்படைக்கப்பட்டது. பேரன் சென்னையில் சுமை தூக்கியும் செங்கல் சூளையில் முன்பணம் வாங்கியும், மனைவியின் கம்மலை விற்றும், 1980களில் அதையொட்டி அறுபது சென்ட் நிலத்தைக் கிரயம் வாங்கினார். அவருக்கு இரண்டு மகன்கள், ஒரு மகள். மூத்தவர் பங்குக் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றுக் கிறித்தவரானார். கோயிலிலேயே திருமணம் நடந்தது. பிள்ளைகளுக்கும் ஞானஸ்நானம் ஆயிற்று. இளையவர் இந்துவாகவே இருந்தார். மகளை வந்தவாசிப் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். மூத்தவர் தந்தைக்கு முன்பே விபத்தில் இறந்தார். பின்பு தந்தையும் உயில் எழுதாமல் இறந்தார்.

இப்போது அந்த நிலம் யாருடையது? ஏட்டில் இரண்டு ஏக்கர் இன்னமும் கொள்ளுத் தாத்தா பெயரில். அறுபது சென்ட் இறந்த தந்தை பெயரில். வாய்ப்பாகமாக வரப்பு வைத்துப் பிரித்துக்கொண்டு உழுகிறார்கள். எவருக்கும் தனிப்பட்டா இல்லை.

பட்டா உயிரோடு இருப்பவர் பெயரில் இல்லையென்றால் கூட்டுறவு வங்கியில் பயிர்க்கடன் கேட்கும்போதே சிக்கல் தொடங்கும். ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிரதமரின் உழவர் நிதிக்கும் நிலம் சொந்தப் பெயரில் இருக்க வேண்டும். 2019 பிப்ரவரி 1 க்குப் பிறகு வாரிசு வழியில் நிலம் வந்தவர்களுக்கு விலக்கு உண்டுதான். ஆனால் அந்த வாரிசுரிமை ஏட்டில் ஏறியிருக்க வேண்டும். வங்கி தராதபோது பக்கத்து நிலத்துக்காரர் தருவார். அதற்கு அவர் கேட்பது பதிவு செய்யாத ஒரு கைப்பத்திரமும் அனுபவமும் மட்டுமே. அடுத்த பசலியில் அடங்கலில் பயிரிடுபவர் பெயர் மாறும். சில ஆண்டுகள் கழித்து வாரிசுகளில் நெருக்கடியில் இருக்கும் ஒருவர் மட்டும் ஒரு பொது அதிகார ஆவணத்தில் கையெழுத்திடுவார். வில்லங்கச் சான்றில் முதன்முதலாகத் தோன்றும் பதிவு அதுவாகத்தான் இருக்கும். அதற்கு முந்தைய ஐம்பது, அறுபது ஆண்டுகள் வெறுமையாக இருக்கும், ஏனெனில் அந்த ஆண்டுகளில் நம்மவர்கள் எதையும் பதியவில்லை. 1980களின் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் புதிய ஏடுகள் எழுதப்பட்டபோது டி.சி. நிபந்தனைக் குறிப்பு பல இடங்களில் விடுபட்டுப்போனதும் இதோடு சேர்ந்துகொள்ளும். வாங்கியவர் “ஏட்டில் ஏதும் இல்லையே, நல்லெண்ணத்தில் வாங்கினேன்” என்பார்.

விற்பனை செல்லாது என்று வாதாட நமக்கு நிபந்தனை துணை நிற்கிறது. ஆனால் யார் வாதாடுவது? வழக்குத் தொடுப்பவர் தம்மை வாரிசு என்று மெய்ப்பிக்க வேண்டும். மூன்று தலைமுறைச் சாவுகளுக்கு இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வேண்டும். இறப்பைப் பதியாத காலத்தில் இறந்த கொள்ளுத் தாத்தாவுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் என்ன காட்டுவது? நில மீட்பு மனுக்களில் பல, ஆக்கிரமிப்பாளரின் பலத்தால் விழுவதற்கு முன்பே இந்த இடத்தில் தடுக்கி விழுகின்றன.

இனி மூத்த மகனின் பிள்ளைகள். இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956, பிரிவு 26 ஐ நமது தோழர்களில் பலர் படித்திருக்க மாட்டார்கள். இந்துவாயிருந்து மதம் மாறிய ஒருவருக்கு, மதம் மாறிய பின்னர் பிறந்த பிள்ளைகள், தம் இந்து உறவினரின் சொத்துக்கு வாரிசாக முடியாது என்கிறது அப்பிரிவு. வாரிசுரிமை திறக்கும் நாளில், அதாவது அந்த உறவினர் இறக்கும் நாளில், அவர்கள் இந்துவாக இருந்தால் மட்டுமே விலக்கு. மதம் மாறியவரின் சொந்த உரிமை போவதில்லை. அதை 1850 ஆம் ஆண்டுச் சட்டமே காப்பாற்றிவிட்டது. தண்டனை அடுத்த தலைமுறைக்குத்தான். தந்தை உயிரோடிருந்து பங்கைப் பெற்றிருந்தால் அது பிள்ளைகளுக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925 இன்படி இயல்பாக இறங்கியிருக்கும். அவர் தாத்தாவுக்கு முன்பே இறந்துபோனதால், தாத்தாவின் நிலத்தில் பேரப் பிள்ளைகளுக்கு ஒரு சென்ட்டும் இல்லை. கம்மலை விற்றுக் கொடுத்த பாட்டியின் மடியில் வளர்ந்தவர்கள் அவர்கள். கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்றுபவர்கள் என்பது மட்டுமே அவர்கள் குற்றம்.

நடைமுறையில் இது இன்னும் கசப்பானது. நம் சேரிகளில் மதம் குடும்பத்தைக் குறுக்கே வெட்டிச் செல்வதில்லை. அண்ணன் கோயிலுக்கும் தம்பி மாரியம்மன் திருவிழாவுக்கும் போவார்கள். ஒரே அடுப்பில் சமைப்பார்கள். பலரின் சாதிச் சான்றிதழில் இந்து ஆதிதிராவிடர் என்றும், பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டில் வேறு பெயரும் இருக்கும். ஏனென்று நாம் அனைவரும் அறிவோம். 1950 ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியை இந்துக்களுக்கு மட்டும் என வரையறுத்தது. 1956 இல் சீக்கியரும் 1990 இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவத் தலித்துகள் வெளியே நிற்கின்றனர். தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில். அவர்களையும் சேர்க்க வேண்டுமென்று 2023 ஏப்ரல் 19 அன்று சட்டமன்றம் தீர்மானம் இயற்றியது. முடிவு ஒன்றிய அரசின் கையில். இந்த நிலையில், பங்கு கேட்டு வழக்காடும் அக்காளிடமோ பேரனிடமோ எதிர்த்தரப்பு ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: “நீ கிறித்தவரா, இந்துவா?” கிறித்தவர் என்றால் வாரிசுரிமையோ, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் காப்போ போகும், இந்து என்றால் பங்குக் கோயில் பதிவேடு நீதிமன்றத்துக்கு வரும், பிள்ளைகளின் சான்றிதழும் ஆட்டம் காணும். வாயை மூடிக்கொண்டு நிலத்தை விடுவதே மலிவு என்று குடும்பம் முடிவு செய்கிறது. தலித் நிலத்தைத் தலித்தல்லாதார் அபகரிப்பதைக் குற்றமாக்கிய சட்டம், இந்த மௌனத்திற்குள் நுழைய வழியில்லை.

டி.சி. நிலத்தைக் கிறித்தவ வாரிசு வைத்துக்கொள்ளலாமா என்று சிலர் ஐயம் எழுப்புகின்றனர். 1892 இல் பட்டியல் சாதி என்ற சட்டச் சொல்லே கிடையாது. அது 1930களில் வந்தது. மேலும் வாரிசாக அடைவது விற்பனையோ தானமோ அன்று. எனவே ஒப்படை நிபந்தனை அதைத் தடுக்கவில்லை என்பதே நமது வாசிப்பு. இதை இயக்கங்கள் அச்சமின்றி வெளிப்படையாக வாதிட வேண்டும். பதுங்கிப் பேசும் ஒவ்வொரு முறையும் எதிர்த்தரப்பின் வாசிப்பே நிலைக்கிறது.

பிரிவு 26 நீக்கப்பட வேண்டும் என்ற கோரிக்கையை நமது மாநாட்டுத் தீர்மானங்களில் நாம் கண்டதில்லை. பட்டியல் சாதித் தகுதி பற்றிய தீர்மானம் ஆண்டுதோறும் வருகிறது. அதன் பக்கத்தில் இதற்கும் ஒரு வரி போதும். அதுவரை ஓர் எளிய தற்காப்பு உண்டு. அப்பிரிவு உயில் இல்லாத சொத்துக்கே பொருந்தும். தாம் வாங்கிய அறுபது சென்ட்டை அந்தத் தாத்தா கிறித்தவப் பேரப் பிள்ளைகளுக்கு எழுதி வைத்திருக்கலாம். வெள்ளைத் தாளில், இரண்டு சாட்சிகளின் கையெழுத்தோடு. முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை (பதிந்துவிடுவது நல்லது). உயில் என்றால் பணக்காரர் வீட்டுச் சங்கதி, எழுதினால் சாவு வரும் என்ற எண்ணம் நம்மிடையே இருக்கிறது. அறுபது சென்ட்காரருக்குத்தான் அது முதலில் வேண்டும்.

மகளைப் பற்றி இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. பாகப்பிரிவினையிலும் வழக்கமாக அப்படித்தான் நடக்கிறது. தமிழ்நாட்டில் 1989 இலேயே மகளுக்கு மூதாதையர் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு வந்துவிட்டது. நாடு முழுமைக்கும் 2005 இல் வந்தது. கிறித்தவக் குடும்பமானால் 1925 ஆம் ஆண்டுச் சட்டம் மகன், மகள் என்று வேறுபடுத்தவே இல்லை: மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, எஞ்சிய இரண்டு பங்கு பிள்ளைகள் அனைவருக்கும் சமமாக. சட்டம் எதுவாயினும் வந்தவாசியிலிருந்து தங்கை வருவது விடுதலைப் பத்திரத்தில் கைநாட்டு வைக்கத்தான். தாய்மாமன் சீர் நின்றுபோகும், பிறந்த வீட்டு வாசல் அடைபடும் என்ற அச்சம் அவரைக் கையெழுத்திட வைக்கிறது. சாதி ஒழிப்பு பேசும் வீடுகளும் இதில் விலக்கல்ல. இதில் நமக்கு ஒரு சுயநலக் கணக்கும் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். நான்கு பேர் பெயரில் இருக்கும் கூட்டுப் பட்டாவை ஒருவரின் கடனுக்காக விற்க முடியாது. வெளியூரில் வாழும் தங்கையின் பெயர் ஏட்டில் இருந்தால், பக்கத்து நிலத்துக்காரர் அவரைத் தேடிப் போக வேண்டும். பெண் வாரிசை வெட்டிவிடும்போது நிலத்தின் கடைசிப் பூட்டை நாமே கழற்றிக் கொடுக்கிறோம்.

புதிதாக நிலம் வாங்குவோரைப் பற்றிச் சிறிது. தாட்கோ வழியே நடைபெறும் நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டம் நிலமற்ற ஆதிதிராவிடர், பழங்குடிப் பெண் தொழிலாளர்களுக்கு நில மதிப்பில் பாதி, அதிகபட்சம் 5 இலட்சம் ரூபாய் மானியம் தருகிறது. பத்திரம் பெண் பெயரில் பதிவாவது இதன் சிறப்பு. பட்டியல் சாதிச் சான்று இதன் வாசல் என்பதால் கிறித்தவத் தலித் பெண் இங்கும் வெளியே. வாங்கும்போது விலையைவிடக் கவனிக்க வேண்டியது வழி. ஊர்ப்பக்க நிலத்தை நாம் வாங்கினால் வண்டிப்பாதை திடீரென மறைந்துவிடும். வாய்க்கால் மடை அடைபடும். கிணற்றுப் பங்கு வாய்வார்த்தையாகிவிடும். நான்கெல்லையோடு பாதையின் அகலம், கிணற்றில் பங்கு, மின் இணைப்பு ஆகியவற்றைப் பத்திரத்தில் எழுத்தாலேயே எழுதிக்கொள்ள வேண்டும். “சகல பாத்தியங்களுடன்” என்ற பொதுச்சொல் நம்மைப் போன்றோரை நீதிமன்றத்தில் காப்பாற்றாது.

இவற்றை இப்போது சொல்வதற்கு உடனடிக் காரணமும் உண்டு. இம்மாவட்டத்தில் பரந்தூர் விமான நிலையத்துக்கும், எல்லைக்கு அப்பால் செய்யாறு வட்டத்தில் மேல்மா சிப்காட் விரிவாக்கத்துக்கும் நிலம் எடுக்கும் முயற்சிகளையும் அவற்றுக்கு எதிரான உழவர் போராட்டங்களையும் நாம் பார்த்து வருகிறோம். நிலம் எடுப்பதை எதிர்ப்பது ஒன்று. எடுத்துவிட்டால் இழப்பீடு யாருக்கு என்பது வேறொன்று. அது ஏட்டில் பெயர் உள்ளவருக்கே முதலில் போகும். வாரிசுத் தகராறு என்றால் பணம் வைப்பிலேயே கிடக்கும். டி.சி. நிலத்தைச் சட்டவிரோதமாக வாங்கி, பட்டாவைத் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டவர் காசோலை வாங்கும் நாளில், கொள்ளுத் தாத்தாவின் பெயரை மட்டும் வைத்திருக்கும் குடும்பம் வாசலில் நிற்கும்.

கல்லூரி மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறோம். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, உங்கள் கிராமத்தின் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்திற்கு முந்தைய ‘அ’ பதிவேட்டின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். டி.சி. என்று குறிக்கப்பட்ட புல எண்களை ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்தில் ஒப்படை பெற்றவரின் பெயர். அதன் பக்கத்தில் இன்றைய சிட்டாவில் உள்ள பெயர். நான்காவது பத்தியில், ஒப்படை பெற்றவர் எப்போது இறந்தார், அவருக்கு எத்தனை பிள்ளைகள், பெண்மக்கள் எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டனர் என்று எழுத வேண்டும். முதல் மூன்று பத்திகளுக்கு வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் பலமுறை நடக்க நேரிடலாம். நான்காவதற்குச் சேரியின் மூத்த பெண்களிடம் ஒரு பிற்பகல் உட்கார்ந்தால் போதும்.